முன்வரிசைக் குரல்

சட்டைப்பையில் கிடந்த கருவியைப் பலவேசம் துணிக்கு மேலாகவே தடவிப் பார்த்தார், இருந்தது. இல்லாமல் எங்கே போகும்? வீட்டை விட்டுப் புறப்பட்டதிலிருந்து இப்படித்தான் தடவிக்கொண்டிருக்கிறார். பார்ப்பவன் ஏதோ களவாண்ட பொருளை ஒளித்து வைத்திருக்கிறார் என்றுதான் நினைப்பான். நினைக்கட்டும். மடையாண்டி சாமி கோயில் திருவிழாவில் உச்சிக்கொடைக்கு வந்து, பந்தலின் முன்வரிசையில், வில்லுப்பாட்டு மேடைக்கு நேர் எதிரே, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாயிற்று. இனி இந்த நாற்காலியிலிருந்து எழுப்ப எவன் வந்தாலும் நடக்காது. தகரப் பந்தலின் மேலே வெயில் நின்று எரிந்தது. தரையில் விரித்த ஆற்றுமணல் உள்ளங்காலுக்கு இதமாக இருந்தது. மேடை ஓரத்தில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. அதையும் இப்போது கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மூக்கு முகத்துக்கு அழகாக இருப்பதோடு சரி, மூச்செல்லாம் கழுத்துக்குழியில் போட்டிருக்கும் துளை வழியாகத்தான். துளைக்கு மேல் ஈரத்துணி. துணி காய்ந்தால் இருமல் வரும். இருமல் வந்தால் வாய் இருமாது, துளை இருமும். அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சின்னப்பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள், பெரியவர்கள் திரும்பிப் பார்க்காமல் இருப்பார்கள். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் பெரியவர்கள்தாம் மோசம். குரல்வளையைப் புற்றோடு சேர்த்து வெட்டியெடுத்த பிறகு ஊரில் நடக்கிற முதல் கொடை இதுவன்று. போன ஆண்டும் நடந்தது. ஆனால் அவர் வந்து உட்கார்கிற முதல் கொடை இதுதான். வில்லைத் தூக்கி வைக்கிறார்கள். மணிகள் குலுங்கின. குடத்தைப் பிரிமணையின் மேல் வைத்து இப்படியும் அப்படியுமாகத் திருப்பிக்கொண்டிருந்தான் சிவனணைந்தான்; உருண்டைக் குடத்துக்கு எந்தப் பக்கம் முகம் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். இந்தச் சத்தம். இதற்காகத்தானே. செல்போனில் போட்டுத் தருகிறேன், வீட்டிலேயே படுத்துக்கொண்டு கேளுங்கள் என்றாள் முத்துக்கிளி. போனுக்குள் மணி குலுங்கினால் காதுக்குக் கேட்கும், நெஞ்செலும்புக்கு எப்படிக் கேட்கும்?

காலையில் அதற்குத்தான் சண்டை. சண்டை என்றால் இரண்டு பேர் பேசவேண்டும். இப்போதெல்லாம் முத்துக்கிளி இரண்டு பேருடைய பேச்சையும் அவளே பேசிவிடுகிறாள். "ஏங்க, அங்க ஒரே பொகையும் புழுதியும். கூட்டத்துப் பக்கம் போவக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? சொன்னாரு. அப்பொறம் என்ன? சும்மா தலைய ஆட்டாதிய. நீங்க ஆட்டுத ஆட்டுல சரிங்கியளா, மாட்டேங்கியளான்னு எனக்கு ஒரு எழவும் வெளங்க மாட்டேங்கு" என்று பொரிந்து தள்ளினாள். மாட்டேன் என்றுதான் அவர் ஆட்டினார். கட்டிய மனைவிக்கே தலையாட்டலில் சரி எது, மறுப்பு எது என்று பிடிபடவில்லை என்றால் அந்நியனுக்கு எப்படிப் பிடிபடும்? அந்நியன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வான். எடுத்துக்கொண்டும் விட்டான். வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். மடையாண்டி சந்நிதியில் உட்கார்ந்துகொண்டு அந்த மனிதனை நினைப்பானேன். இத்தனை ஏச்சு ஏசியவள்தான் செருப்பைத் துடைத்து வாசலில் எடுத்து வைத்தாள், துணியை நனைக்கத் தண்ணீர்ப் பாட்டில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டாள், இதோ, பெண்கள் பக்கத்துத் தூணோரமாக உட்கார்ந்து அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாள், திரும்பிப் பார்த்தால் முறைப்பாள், ஆகவே திரும்பக்கூடாது. பக்கத்து நாற்காலியில் கொம்பையா வந்து பொத்தென்று உட்கார்ந்தான். ஒன்றாகப் படித்தவன், ஒன்றாகக் கொடை பார்த்தவன், இப்போது ஊரெல்லாம் செய்வதையே அவனும் செய்தான்: காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து கத்தினான். "என்னவே பலவேசம்! சௌக்கியமா இருக்கீரா!" போனது தொண்டை, காதன்று. இதை ஒவ்வொருவனுக்கும் எப்படிச் சொல்வது? "நீரு ஒண்ணும் வெசனப்படாதேயும்வே! அந்த எடம் வரும்போது நான் போட்டுருதேன். போன கொடைக்கும் நாந்தான் போட்டேன், ஒமக்காவத்தான் போட்டேன்!" என்று சொல்லி அவருடைய தொடையில் தட்டினான் கொம்பையா. போட்டானாம். எனக்காகச் சோறும் உண்டுவிடுவான்போல.

அந்த இடம். அந்த இடத்துக்கு இன்னும் நேரமிருக்கிறது; புலவர் தங்கபுஷ்பம் இப்போதுதான் மேடையேறிச் சபையைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள். கண்ணாடி போட்டிருக்கிறாள், புதிது. முடி நரைக்கத் தொடங்கியிருக்கிறது. அவள் பாவாடை தாவணியில் முதன்முதலாக வில்லடித்த நாளில் இதே பந்தல் ஓலைப்பந்தலாக இருந்தது. பக்கப்பாட்டுக்காரனுக்குத் தொண்டை கட்டிப்போய், அவள் வரியைச் சொல்லிவிட்டு நிற்கிறாள், 'ஆமா' விழவில்லை. வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் 'ஆமா' என்று சொல்லவேண்டும். அந்த ஆமாவின் மேல் கால் வைத்துத்தான் புலவர் அடுத்த வரிக்கு ஏற முடியும். படியில்லாத இடத்தில் காலைத் தூக்கியவள்போல அந்தப் பெண் திணறினாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது. அப்போது பலவேசம் யோசிக்கவே இல்லை, யோசித்திருந்தால் வாய் வந்திருக்காது, "ஆமா!" என்று போட்டார் பாருங்கள், பந்தலே அதிர்ந்தது, அவளுடைய வீசுகோல் தானாக நாணில் விழுந்தது. அன்று கொடை முடிகிறவரையில் எல்லா வரிக்கும் அவர்தாம் ஆமா. அதற்குப் பிறகு அவள் எந்த ஊர்க் கொடைக்குப் போனாலும், வேலை பார்த்த பேட்டரிப் பட்டறையில் விடுமுறை சொல்லிவிட்டு இவரும் போய்விடுவார். இருந்த ஒரு சைக்கிள் அதற்காகவே தேய்ந்தது. "எதுத்தாப்புல ஒரு அண்ணாச்சி இருக்காவ பாத்துக்கிடுங்க. அவிய ஆமா போட்டா ஆத்துக்கு அந்தப் பக்கம் மேயுத மாடு தல தூக்கிப் பாக்கும்" என்று ஒலிபெருக்கியில் அவள் சொல்ல, சனம் சிரிக்க, முத்துக்கிளி மட்டும், "ஒங்களுக்குக் கூச்சமே இல்லையா?" என்று கேட்பாள். கூச்சமா? ஆளுக்கொரு பெருமை வேண்டாமா? ஒருவன் கபடி ஆடுகிறான், ஒருவன் காளை வளர்க்கிறான், எனக்குத் தொண்டை. இருந்தது.

மடையாண்டி கதையில் அவருக்கென்றே ஓர் இடம் ஒதுங்கியது இப்படித்தான். கதை ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. மடையாண்டி குளத்துமடைக் காவல்காரன். மழை பொய்த்த வருடம், மேட்டில் பண்ணையாருடைய வயல் நிரம்பித் ததும்புகிறது, பள்ளத்தில் கடைமடை வயல்கள் வெடித்துக் கிடக்கின்றன, மடையாண்டி ஒருவரையும் கேட்காமல் மடையைத் திறந்து தண்ணீரைக் கடைமடைக்கு விட்டுவிடுகிறான், பண்ணையார் அவனைக் குளத்தங்கரையிலேயே மண்வெட்டியால் வெட்டிப் போடுகிறார், வெட்டுப்பட்டவன் சாமியாகிறான். அந்த வெட்டு விழுகிற இடத்தில் பாட்டு நின்று வசனம் வரும். தங்கபுஷ்பம் வீசுகோல்கள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அவன வெட்டுனது யாரு? விதி! எல்லாம் விதி செஞ்ச வேலதானே, அய்யாமாரே!" என்பாள். அங்கே பக்கப்பாட்டுக்காரர்கள் ஆமா போடமாட்டார்கள். குடம் பேசாது. உடுக்கை பேசாது. பந்தல் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, முன்வரிசையிலிருந்து ஒரு குரல், பலவேசத்தின் குரல், "ஆமா!" என்று விழும், அது விழுந்த பிறகுதான் உடுக்கை கதறத் தொடங்கும், சாமியாடிக்கு அருள் வரும். ஆண்டாண்டுக்காலப் பழக்கம். ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் கோயில் வழக்கங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது. போன ஆண்டு படுக்கையில் கிடந்தபடி ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார். பண்ணையார் மண்வெட்டியை ஓங்குகிறார், அந்த நேரம் பார்த்துக் காற்று திசைமாறி எல்லாச் சத்தத்தையும் பனங்காட்டுப் பக்கம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. காற்று திரும்பியபோது உடுக்கை கதறிக்கொண்டிருந்தது. இடைவெளி விட்டாளா? கொம்பையா சொல்வது மெய்யென்றால் விட்டாள், அதில் விழுந்தது அவனுடைய கீச்சுக் குரல். விடாமல் போயிருந்தால்? அதுவும் பொறுக்கக்கூடியதாக இல்லை. இன்றைக்கு விடுவாளா? கும்பிட்டபோது அவள் கண் இந்தப் பக்கம் வந்தது, ஈரத்துணியில் ஒரு கணம் நின்றது, நகர்ந்துவிட்டது. பெரியவர்கள் திரும்பிப் பார்க்காமல் இருப்பார்கள். நீயுமா, அம்மா?

கருவியை இன்னொரு தரம் தடவினார். மருத்துவமனையில் எழுதிக் கொடுத்து வாங்கியது. டார்ச்சு விளக்குப்போல இருக்கும். தாடைக்குக் கீழே மெத்தென்ற இடம் பார்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினால் அது இரையும். அந்த இரைச்சலை வாயால் சொல்லாக்கவேண்டும். வாங்கி வந்த அன்றே பரணில் தூக்கிப் போட்டார். அது குரலா? வண்டு புகுந்த தகரடப்பா. எத்தனை கொடை கண்ட தொண்டைக்கு மாற்றாகத் தகரடப்பாவா? ஆனால் பங்குனி பிறந்ததும், கொடைக்குப் பந்தக்கால் நாட்டியாயிற்று என்று கேள்விப்பட்டதும், முத்துக்கிளி கடைக்குப் போன நேரத்தில் பரணில் ஏறி அதை எடுத்தார். குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வாளியில் கொட்டுகிற சத்தத்துக்குள் மறைந்து நின்றுகொண்டு, "ஆமா" என்றார். வண்டுதான். மறுபடியும் "ஆமா." தண்ணீரை இப்படி வீணாக்குகிறாரே என்று கடையிலிருந்து திரும்பிய முத்துக்கிளி வெளியே கதவைத் தட்டினாள். நாளாக ஆக வண்டுக்கு உதடு முளைத்தது. ஆமாவின் மகரம் நன்றாக விழுந்தது. அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார், இன்று காலை வாசலிறங்கும்போது, "மிசின எடுத்துக்கிட்டியளா?" என்று எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள். ஒருவர் காதிலும் இதுவரையில் அது விழவில்லை என்று நம்பியதெல்லாம் வீண். போகட்டும். வீட்டுக்குள் ஒருத்தி கேட்டது வேறு. பந்தல் கேட்பது வேறு. எவனாவது சிரித்தால்? சிரிக்கத்தான் செய்வான். நானே சிரித்திருப்பேன். சிரிப்புக்குப் பயந்தா வாயை மூடிக்கொண்டு போவது? துளை அடைத்துக்கொண்டு செத்தாலும் சாவேனேயொழிய, கொம்பையா என் ஆமாவைப் போட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கமாட்டேன்.

வில் எழும்பிவிட்டது. காப்புப் பாடல் முடிந்து, மேட்டுவயலின் செழிப்பைப் பாடிக்கொண்டிருந்தாள் தங்கபுஷ்பம். குடத்தின் ஒலி மணலுக்குள் இறங்கி நாற்காலிக் கால்கள் வழியாக இடுப்பில் ஏறியது. ஆகா. ஆமா, ஆமா என்று பக்கப்பாட்டு படி போட்டுக்கொண்டே போனது. பலவேசத்தின் நாக்கும் வாய்க்குள் சத்தமில்லாமல் கூடவே போட்டது. அப்போதுதான் கழுத்தில் ஒரு குளிர்ச்சி தட்டியது. குளிர்ச்சியன்று, காற்று. வலப்புறத்திலிருந்து ஆளுயர மின்விசிறி ஒன்று தலையைத் திருப்பித் திருப்பி முன்வரிசையைத் துழாவிக்கொண்டிருந்தது. திரும்புகிற ஒவ்வொரு தடவையும் மணற்புழுதியைக் கொண்டுவந்து ஈரத்துணியில் அப்பியது. விசிறியின் தண்டில் சிவப்பு எழுத்து: உபயம், அருணோதயம். விசிறிக்கு அப்பால், மெத்தை போட்ட நாற்காலியில், தலையில் பரிவட்டத்துடன் விழாக்குழுத் தலைவர் அருணோதயம் முதலாளியே அமர்ந்திருந்தார். நினைக்க வேண்டாம் என்று தள்ளி வைத்த ஆள் காற்றாக வந்து கழுத்துக்குள் புகுந்தால் என்ன செய்வது? பேட்டரிப் பட்டறை முதலாளி. பேருந்து பேட்டரி, லாரி பேட்டரி, எல்லாம் வரிசையாகச் சன்னலில்லாத ஓர் அறையில் கொதித்துக்கொண்டிருக்கும்; அமிலப் புகை மூட்டமாக நிற்கும்; கண் எரியும், தொண்டை அறுக்கும், கைலி சல்லடையாகிவிடும். "மொதலாளி, செவத்துல ஒரு பேன் வச்சா பொகைய வெளிய தள்ளிரும்" என்று கேட்டால், "வச்சிருவோம்டே பலவேசம், அடுத்த மாசம் வச்சிருவோம்" என்பார். முதலாளி அறையில் குளிர்சாதனம் வந்தது. பட்டறைச் சுவரில் அடுத்த மாதம் வரவேயில்லை. வந்த விசிறி இதோ, இங்கே வந்திருக்கிறது, பெயரெழுதிக்கொண்டு, என் கழுத்துத் துளையைத் தேடிக்கொண்டு. சிரிப்பு வந்தது. சிரித்தால் துளை புஸ்ஸென்றது. கொம்பையா பதறி, "தண்ணி வேணுமாவே!" என்று கத்தினான்.

குரல் கம்மியபோது கொடையில் கத்தியதால்தான் என்று நினைத்தார். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். பெரிய மருத்துவமனையில் மருத்துவர் பீடி உண்டா, சுருட்டு உண்டா, பொடி உண்டா என்று கேட்டார், எல்லாவற்றுக்கும் இல்லை, என்ன வேலை என்று கேட்டார், பலவேசம் சொன்னார், எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "அமிலப் பொகையாலயும் இது வரலாம், பெரியவரே" என்றார். வரலாம். அறுவை முடிந்து, கழுத்தில் குழாயோடு கிடந்தபோது அருணோதயம் முதலாளி ஆரஞ்சுப் பழங்களுடன் வந்தார். கட்டிலருகே உட்கார்ந்தார். அறையில் முத்துக்கிளி இருந்தாள், நர்சு இருந்தாள், பக்கத்துக் கட்டில்காரன் இருந்தான். "எல்லாம் விதிப்படிதான் நடக்கும், பலவேசம். நம்ம கையில என்ன இருக்கு? தலையெழுத்து. என்ன சொல்லுத?" சொல்லிவிட்டுக் காத்திருந்தார். வில்லில் வரியைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதைப்போல. இடைவெளி விட்டார். தொண்டையில்லை, சொல்லில்லை, வாழ்நாளெல்லாம் இடைவெளியைக் கண்டால் நிரப்பிப் பழகிய உடம்பு. தலை தானாக மேலும் கீழும் ஆடியது. முதலாளியின் முகம் தெளிந்தது. எழுந்து போகும்போது நர்சிடம், "தங்கமான மனுசன், புரிஞ்சிக்கிட்டான்" என்றார். எதைப் புரிந்துகொண்டேன்? அன்றிலிருந்து இந்தக் கழுத்தைப் பலவேசம் மன்னிக்கவேயில்லை. வெட்டுப்பட்டதற்காக அல்ல, ஆடியதற்காக.

"தெறந்தானே மடையாண்டி, தெறந்தானே மடையத்தான், பறந்தோடிப் போச்சுதம்மா பள்ளத்து வயலுக்குத் தண்ணி!" தங்கபுஷ்பத்தின் குரல் மேலே மேலே ஏறியது, வீசுகோல்கள் நாணில் துள்ளின, கடைமடைப் பெண்கள் வாய்க்காலில் இறங்கி நின்று தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொள்வதை அவள் பாடியபோது தூணோரத்தில் யாரோ குலவையிட்டார்கள், முத்துக்கிளியாகத்தான் இருக்கும், அவளுடைய குலவை கடைசியில் சற்றே உடையும். இதோ பண்ணையார் வருகிறார். கரையில் நிற்கிறார். மண்வெட்டியைக் கேட்டு வாங்குகிறார். பலவேசத்தின் கை பைக்குள் போயிற்று. விடுவாளா? விடமாட்டாளா? ஆமா, ஆமா, ஆமா என்று உள்ளே ஒத்திகை ஓடியது; மகரத்துக்கு உதட்டை நன்றாக மூடவேண்டும், பொத்தானை முன்கூட்டியே அமுக்கிவிடக்கூடாது. பாட்டு நின்றது. வீசுகோல்கள் மடிக்குப் போயின. "கடமடைக்குத் தண்ணி விட்டான், அது குத்தமா? கரையில நின்னவன வெட்டிப் போட்டாச்சே. அவன வெட்டுனது யாரு?" என்று தங்கபுஷ்பம் தாழ்ந்த குரலில் கேட்டாள். இத்தனை ஆண்டுகளில் இந்தக் கேள்வியைப் பலவேசம் காதில் வாங்கியதேயில்லை, தம் ஆமா எப்படி விழப்போகிறது என்பதில்தான் கவனம், எதற்கு விழுகிறது என்பதில் இருந்ததில்லை. "விதி! எல்லாம் விதி செஞ்ச வேலதானே, அய்யாமாரே!"

விட்டாள். குடம் பேசவில்லை. உடுக்கை பேசவில்லை. அவள் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, மடியிலிருந்த வீசுகோல்களைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். செத்தவனுக்கு இலை போட்டுவிட்டுக் காத்திருப்பதைப்போல இருந்தது. பக்கத்தில் கொம்பையாவின் வயிறு மூச்சை இழுத்து உப்புவதைப் பலவேசம் கண்டார்; இடக்கையை வீசி அவன் முழங்காலை ஓர் இறுக்கு இறுக்கினார்; "ஆ..." என்று பாதி வந்தது வலியில் அப்படியே நின்றுபோயிற்று. வலக்கை கருவியைத் தாடைக்கடியில் கொண்டுபோய் அழுத்தியது. விசிறி திரும்பி வந்து புழுதியை வீசியது. விதி செய்த வேலைதானே? நம் கையில் என்ன இருக்கிறது? என்ன சொல்லுத? உதடுகள் மகரத்துக்காக மூட வேண்டியவை, மூடவில்லை. நாக்கின் நுனி தானாக எழும்பி மேற்பல்லின் அடியைத் தொட்டது. குளியலறையில் ஒருநாளும் பழகாத சொல்.

"இல்லை."

வண்டுதான், தகரடப்பாதான், அமைதியான பந்தலில் அது இத்தனை பெரிதாகக் கேட்கும் என்று அவரே நினைக்கவில்லை. சின்னப்பிள்ளைகள் சிரித்தன. ஒரு கைக்குழந்தை வீறிட்டது. மேடையில் பக்கப்பாட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வில்லுக்கு எதிரே இருந்து 'இல்லை' என்று ஒருவன் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. வில்லில் அந்தச் சொல்லுக்கு இடமே இல்லை. தங்கபுஷ்பம் நிமிர்ந்தாள். இப்போது அவள் கண் நேராக வந்து ஈரத்துணியில் நின்றது, கருவியில் நின்றது, முகத்தில் நின்றது. "யாருவே அது? பலவேசம் அண்ணாச்சியா?" என்றாள் ஒலிபெருக்கியில், குரல் உடைந்தாலும் உடனே அதைப் பிடித்துக்கொண்டாள், மேடை கண்டவளல்லவா. "எங்கடா நம்ம அண்ணாச்சிய இன்னும் காணலியேன்னு பாத்தேன். வந்ததும் வராததுமா வம்புக்கு நிக்கியளே! காலங்காலமா நீங்க ஆமா போட்ட எடம்லா இது? இன்னொரு தரம் சொல்லுதேன், நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. அவன வெட்டுனது விதிதானே?" பந்தல் சிரித்தது. தப்பித்துக்கொள்ள வழி விடுகிறாள், நல்லவள், மெத்தை நாற்காலியில் விழாக்குழுத் தலைவர் இருக்கிறார், அடுத்த கொடைக்கும் அவள் இங்கே வரவேண்டும். வியர்வை கண்ணில் இறங்கியது. துணி காய்ந்துவிட்டது, இருமல் அடியிலிருந்து முண்டிக்கொண்டு மேலே வந்தது, வரட்டும், நீயும் வா, எல்லாம் வாருங்கள். பொத்தானை அமுக்கினார்.

"இல்லை. ஆளு."

இம்முறை சிரிப்பு குறைவாக இருந்தது. 'ஆளு' என்ற சொல் இரைச்சலோடு பந்தலின் பின்புறம் வரையில் போய், அங்கே நின்றுகொண்டிருந்தவர்கள் வாயில் முணுமுணுப்பாக மாறித் திரும்பி வந்தது. ஆளாம், ஆளுதான் வெட்டுனானாம். பெண்கள் பக்கத்திலிருந்து, தூணோரத்திலிருந்து, காலையில் அவருடைய பேச்சையும் சேர்த்துப் பேசிய அதே குரல், "நல்லாத்தானே சொல்லுதாவ! கேட்டுத்தான் பாருங்களேன்!" என்றது. தங்கபுஷ்பம் சிவனணைந்தானைப் பார்த்தாள், அவன் குடத்தின் முகத்தைச் சற்றே திருப்பி வைத்தான். மெத்தை நாற்காலியை அவள் பார்த்தாளா? பார்த்ததுபோலத்தான் இருந்தது. அவளுக்குப் பட்டறையைப் பற்றித் தெரியுமோ தெரியாதோ; ஆனால் இடைவெளி எது, அதில் விழுந்தது எது என்பது அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? வீசுகோல்களை மெதுவாக எடுத்தாள். "சரிதான்" என்றாள். "அண்ணாச்சி சொல்லுதது சரிதான். நானும் இத்தன வருசமா நாக்குப் பழக்கத்துல சொல்லிக்கிட்டே வந்துட்டேன். மம்பட்டியப் புடிக்கக் கை வேணும்லா? விதிக்கு ஏது கை?" நாணில் ஓர் அடி விழுந்தது. "வெட்டுனது விதி இல்ல, அய்யாமாரே! வெட்டுனது ஆளு! பேரு உள்ள ஆளு! ஊரறிஞ்ச ஆளு!" இப்போது மேடை முழுவதும், வலப்பக்கமும் இடப்பக்கமும் குடக்காரனுமாகச் சேர்ந்து, முன்வரிசை நாற்காலியைப் பார்த்து, தொண்டை கிழிய, "ஆமா!" என்றார்கள். உடுக்கை கதறியது. சந்நிதியில் சாமியாடி துள்ளி எழுந்தான்.

இருமல் வந்தது, துளை இருமியது, துணி பறந்து மணலில் விழுந்தது, பலவேசம் அதை எடுக்கக் குனியவில்லை. விசிறிக்கு அப்பாலிருந்து அருணோதயம் முதலாளி மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார். கோபமில்லை, புன்னகைதான், ஆரஞ்சுப் பழத்தோடு கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது இருந்த அதே புன்னகை. ஒன்றுமில்லை, பாட்டுதானே, நாம் இரண்டு பேரும் புரிந்துகொண்டவர்கள்தாமே என்பதுபோலத் தலையை மேலும் கீழும் ஆட்டினார். ஆட்டிவிட்டு, இடைவெளி விட்டுக் காத்திருந்தார். பலவேசம் கருவியை இறக்கவில்லை. தாடைக்கு அடியில் முட்டுக்கொடுத்ததுபோல அது அழுத்தி நின்றது. அது அங்கே நிற்கிறவரையில், விரும்பினாலும் தலையை ஆட்ட முடியாது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.